முதலாளிக்குக் கோபம் வந்த நாள்

"நாள் முழுக்க வெயில்லதானே வச்சிருக்கேன். அப்புறம் எப்படி வெயில் பத்தலைன்னு சொல்றாங்க?"

மாடிப்படியில் நின்றுகொண்டு மேல்வீட்டுக் கண்ணாடிக்காரர் கேட்ட கேள்வி இது. அவர் கையில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு ஓணான் கால்களைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் என்னிடம்தான் கேட்டார். ஒளியைப் பற்றி ஒரு முழுப் பாடம் படித்து, அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியலையே என்றேன். "பின்ன என்னத்தப் படிச்ச?" என்று எரிந்து விழுந்துவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

பிறகு அவரும் அவர் மனைவியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன்.

கண்ணாடிக்காரருக்குப் பட்டறையில் 'விரிசல்' என்று பெயர். லேசாகத் தட்டினால் போதும், இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை ஓடிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருடமாக வீட்டு ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். பொருத்தி முடித்த கண்ணாடியை யாராவது விரலால் தொட்டால் கோபம் வரும். சுண்ணாம்பு தெறித்தால் கோபம் வரும். "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்ல" என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்று வேலையிடத்தில் ஒருவரும் டீ குடிக்க முடியாது. நல்ல கண்ணாடி என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு. அவர் போட்ட கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். அதைக் குறையாக யாராவது சொன்னால் அவருக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துணிகள் வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் வேலை. "எதைக் கொடுத்தாலும் மடிச்சு அடுக்கிடுவேன், இவரை மட்டும்தான் முடியல" என்பார்.

ஓணான் வந்ததும் ஒரு கோபத்தில்தான். ஒரு வாடகை வீட்டில் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடப் போயிருந்தார். குடியிருந்தவன் காலி செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. அறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, மேலே துருப்பிடித்த கம்பிவலை மூடி, அதன்மேல் ஒரு டியூப் லைட். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு தாடி ஓணான். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் பியர்டட் டிராகன் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, உடைந்த கண்ணாடியோடு அந்தத் தொட்டியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடச் சொன்னார்.

"உசுரு இருக்குங்க உள்ள" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு வேற ஆள் குடி வர்றாங்க."

கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஜன்னலை முடித்து, துடைத்து, சிலிக்கான் பசை பூசிய ஓரத்தை விரலால் நீவிவிட்டு, அதன் பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி ஓணானையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு முள்ளு மூஞ்சி வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே, இரண்டாவது எதற்கு என்று கேட்டார். அன்று மாலையே அதற்குப் பெயரும் வைத்தார். ஒரு வேலையும் செய்யாமல் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் முறைப்பதால் 'முதலாளி'.

முதலாளியைக் கண்ணாடிக்காரர் தாங்கு தாங்கென்று தாங்கினார். கடையில் கேட்டு, உயிருள்ள சில்வண்டுகளை டப்பாவில் வாங்கி, கால்சியம் பொடியில் குலுக்கிப் போட்டார். கீரையை நகத்தளவு கிள்ளி வைத்தார். தொட்டிதான் அவருக்குக் கண்ணை உறுத்தியது. கீறல் விழுந்த கண்ணாடி, கோணல் மாணலாக இழுத்த சிலிக்கான். கண்ணாடி தெரியாத எவனோ ஒட்டியது என்று முதல் நாளில் இருந்தே திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதுப்பெட்டி செய்தார். விளிம்பெல்லாம் வழுவழுவென்று தேய்த்து, காற்றுக்கு மேலே துளைகள் போட்டு, உள்ளே ஒரு மரக்கட்டை வைத்து, கூடத்து ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். அந்த ஜன்னலும் அவர் கைவேலைதான். முழு அகலத்துக்கு ஒரே கண்ணாடி. காலையில் இருந்து பிற்பகல் வரை வெயில் தரையில் பாய்விரித்தது போலக் கிடக்கும்.

பழைய தொட்டியைத் தூக்கி எறியும்போது டியூப் லைட்டையும் எடுத்தார். மனைவி, அது கிடக்கட்டும், பரணில் போட்டு வைப்போம் என்றார். "சூரியனே வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு, இந்தப் பிசாத்து லைட்டு எதுக்கு?" என்று சொல்லி அதையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஆரம்பத்தில் அவர் கையை உள்ளே விட்டாலே முதலாளி வாயைப் பிளந்து, தாடியை உப்பி, கரிக்கட்டை போலக் கறுப்பாக்கிக் காட்டும். கோபம் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கழுத்து புடைக்கிறது என்று மனைவி சிரிப்பார். மூன்றாவது மாதத்தில் அது கோபப்படுவதை நிறுத்திவிட்டது. கையில் எடுத்தால் பேசாமல் கிடந்தது. தன்னிடம் பழகிவிட்டது என்று கண்ணாடிக்காரர் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண்டாட்டிகூட இவ்வளவு பழகவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாராம்.

அதற்கடுத்த மாதம் அதன் விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. மரக்கட்டையில் ஏறவில்லை. சில்வண்டைக் குறிவைத்து நாக்கை நீட்டும், தவறவிடும். வயிறு தரையில் இழுபட நடந்தது. ஒருநாள் கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்தபோது ரப்பர் போல வளைந்தது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். எக்ஸ்ரே எடுத்து விளக்கின் முன்னால் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. இதன் உடம்பில் யூவி எனும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் தின்கிற கால்சியம் எலும்பில் சேரும், இதற்கு வெயிலே பட்ட மாதிரி தெரியவில்லையே என்றார்.

கண்ணாடிக்காரர் வெடித்துவிட்டார். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வெயிலில் வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பார்க்கும்படியும் கத்தினார். வெளியே பூனையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மருத்துவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"நேரா வெயில் படுதா? நடுவுல எதுவும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

பொய் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக நடுவில் ஒன்றுமில்லாதது போலக் காட்டுவதுதானே அவர் தொழில்.

கால்சியம் மருந்து ஊற்றினார்கள். பத்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். அந்தப் பத்தாம் நாள்தான் செருப்புப் பெட்டியோடு படியில் நின்று என்னிடம் கேட்டது. அன்று மருத்துவர் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடது பின்னங்கால் தானாகவே முறிந்திருக்கிறது என்றார். "மருந்து சரியாத்தான் போகுது. எங்கயோ வெயில் நின்னுபோகுது. எங்கன்னு நீங்கதான் பாக்கணும். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பிராணிக் கடைக்காரனைப் போய்த் திட்டினார். பொடி போலியா என்று கேட்டு டப்பாவை அவன் மேசைமேல் போட்டார். விட்டுவிட்டுப் போன குடித்தனக்காரனை, முகம் தெரியாத அந்த ஆளை, குளிக்கும்போதுகூடத் திட்டினார். ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மனைவி சில்வண்டை நசுக்கி, இடுக்கியால் ஓணான் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு புது வீட்டில் அளவெடுக்கப் போனார். வீட்டம்மா புதிதாகச் சோபா வாங்கியிருந்தார். வெயில் பட்டுத் துணி வெளுத்துவிடுமோ என்று கவலைப்பட்டார். கண்ணாடிக்காரர் பையில் இருந்து மாதிரித் துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி. ஆயிரம் தடவை சொன்ன பேச்சு, வாய் தானாகவே சொன்னது.

"இதைப் போட்டுட்டா வெளிச்சம் மட்டும்தாம்மா உள்ள வரும். சோபாவ வெளுக்க வைக்கிற யூவி எல்லாம் வெளியவே நின்னுடும். எங்க வீட்டுலகூட இதைத்தான்…"

நின்றுவிட்டார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

"உங்க வீட்டுல?" என்றார் வீட்டம்மா.

கண்ணாடிக்காரர் அளவு நாடாவைத் தரையிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கினார். இருபத்தாறு வருடத்தில் அவர் பாதியில் விட்டுப்போன முதல் வேலை அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதலாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். இளம் வெயில் படும் ஓரமாகச் செருப்புப் பெட்டியை வைத்து, பாதிக்குத் தன் சட்டையைக் கழற்றி நிழல் காட்டி, அரை மணி நேரம் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு கீழே இறங்கி, மருத்துவமனைக்குப் போன் போட்டு, சாதாரணக் கண்ணாடிகூட அந்தக் கதிரை விடாதா என்று கேட்டார். ஓணானுக்கு வேண்டிய பங்கைப் பெரும்பாலும் விடாது என்று மருத்துவர் சொன்னார். நடுவில் ஒன்றும் இல்லை என்றீர்களே என்றும் கேட்டார். ஆமாம், சொன்னேன் என்று போனை வைத்துவிட்டார்.

மனைவி வேலை முடிந்து வந்தபோது கூடத்து ஜன்னல் ஓட்டையாக இருந்தது. கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் பிடிகள் ஒட்டியபடியே அந்தப் பெரிய கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. அந்த ஆத்திரத்திலும் அதை உடைக்க அவருக்குக் கை வரவில்லை. சட்டத்தில் கம்பிவலையை அடித்துக்கொண்டே, ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரன், வீட்டுக்காரன், முதலிலேயே கண்ணாடி என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்காத மருத்துவர். கடைசியில் குடித்தனக்காரனிடம் வந்தார். ஓர் உயிரை அம்போவென்று விட்டுவிட்டுப் போன பாவி, அவனுக்கு ஓணான் ஒரு கேடா என்றார்.

மனைவி கைப்பையை மாட்டிவிட்டு வந்து சொன்னார்.

"அந்தப் பாவி டியூப் லைட் வச்சிருந்தானே."

சுத்தியல் நின்றது. ஓணானுக்கு யூவி கொடுத்த அந்த விளக்கு எதற்கு என்று அவர் ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டதில்லை. மனைவியே ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் புது யூவி விளக்கு வந்தது. பழையது போலவே வலை மூடி வந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல் கண்ணாடி மூடியை அகற்றிவிட்டு அந்த வலையைப் போட்டார். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் மாடி வெயில். வலை வழியாகத் தூசி கொட்டியது, கொசு வந்தது, தெருச் சத்தம் முழுக்க வீட்டுக்குள் வந்தது. வருகிறவர்களிடம் மனைவி, ஜன்னலில் கண்ணாடி இல்லாத ஒரே கண்ணாடிக்காரர் வீடு எங்கள் வீடுதான் என்று சொல்லிவிட்டுத் தூசி தட்டுவார். அவர் எதிர்த்துப் பேசமாட்டார்.

இரண்டு வாரக் கெடு தாண்டியது. தாடை மெல்ல மெல்லக் கெட்டியானது. விரல் துடிப்பு நின்றது. ஆனால் அது எதற்கும் அசையாமல், முன்பு போலவே பேசாமல் கிடந்தது. பழகிவிட்டது என்று இப்போது அவர் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது மாதம் ஒரு காலையில், வாடிய கீரையை எடுக்கக் கையை உள்ளே விட்டார். முதலாளி முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது. வாயைப் பிளந்தது. தாடி உப்பி, நுனியில் இருந்து அடிவரை கறுத்தது.

கையை அப்படியே வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. கோபப்படுறான்."

"யாரு மேல?"

"என் மேலதான். வேற யாரு மேல படணும்?"

இடது பின்னங்கால் நேராகவில்லை, இனி ஆகாது. அதை இழுத்துக்கொண்டுதான் மரக்கட்டையில் ஏறுகிறது. ஒவ்வொரு தடவை அது ஏறும்போதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தப் பெரிய கண்ணாடி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. விற்கவும் இல்லை, வேறெங்கும் பொருத்தவும் இல்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் என் தப்பைக் கடைசியில் ஒளித்து வைக்காதே, நடுவில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வை என்றார். வைத்திருக்கிறேன். படியில் நின்று அவர் கேட்டபோது எனக்குத் தெரியாத பதிலும் அதிலேயே இருக்கிறது.

உங்களுக்கு ஓணான் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாரோ ஒருவர் இப்படி ஒன்றைப் புதிதாக வாங்கி, பாசத்தோடு ஜன்னல் ஓரத்தில், நல்ல கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார். அது கோபப்படுவதில்லை, ரொம்பச் சாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். தயவுசெய்து அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே சொல்லுங்கள்.