பதிமூன்று கிலோ வரை பின்பக்கம்

1. வண்டியில் இருந்தவர்கள்

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஸ்டியரிங்கில் நான். எனக்குப் பக்கத்து சீட்டில் பங்காருபாளையம் மாங்காய் மண்டி முனிரத்தினம் ஐயா. பின்னால் என் முதுகுப் பக்கம் அவர் மருமகன் கார்த்தி, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. நடுவில் ஐயாவின் மகள் ஹேமா. இடது ஓரத்தில், ஐயாவுக்கு நேர் பின்னால், குழந்தை சீட்டில் ஜஸ்விதா. இரண்டு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாங்கள் நாலு பேரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஜஸ்விதா மட்டும் வண்டியின் பின் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சண்டை அதைப் பற்றித்தான்.

திருமலையில் பாப்பாவுக்கு மொட்டை. மொட்டை முடிந்து துலாபாரம், பாப்பா எடைக்கு எடை கல்கண்டு. அது ஐயாவின் வேண்டுதல். விடிந்ததும் கிளம்பினோம். சித்தூர் தாண்டும்வரை ஐயா ஒன்றும் பேசவில்லை. தாண்டியதும் ஆரம்பித்தார்.

"ஏம்பா சேகரு, கொழந்தைய ஏன் திருப்பி ஒக்கார வெச்சிக்கினு கீற? சாமி மலைக்குப் போறோம். மலைக்கு முதுகு காட்டிக்கினா போவாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சன்னதியிலிருந்து வெளியே வரும்போதுகூட நாலு அடி பின்னாலேயே நடந்துவிட்டுத்தான் நம் ஆட்கள் திரும்புவார்கள். அதுபோக அவருக்கு உடம்புக் கஷ்டம் வேறு. பின்பக்கம் பார்க்கும் சீட் நிறைய இடம் அடைக்கும். அதற்காக முன் சீட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஐயா ஆறடி ஆள். முட்டி இரண்டும் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டே வந்தன.

பாப்பாவின் காலைப் பாரு, தவளைக் கால் மாதிரி மடங்கிக் கிடக்கிறது என்றார். அப்படி மடக்கி உட்கார்ந்து, கட்டை விரலைப் பிடித்து இழுத்து விளையாடுவது பாப்பாவுக்குப் பிடித்த வேலை என்று ஹேமா சொன்னாள். உள்ளூர் பாப்பாக்கள் எல்லாம் மடியில் உட்கார்ந்து போகவில்லையா என்றார். அதற்குக் கார்த்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மாமனாரைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நானும் பேசவில்லை. எனக்கு மாசத்தில் பத்து நாள் ஓட்டம் கொடுப்பது முனிரத்தினம் ஐயாதான். மகளைச் சூளூர்பேட்டையிலிருந்து கூட்டி வருவதும் நான்தான், மண்டிக்கு வரும் பார்ட்டிகளை ரயிலடியிலிருந்து கூட்டி வருவதும் நான்தான். அவர் ஒரு போன் போட்டு வேற வண்டி சொல்லிவிட்டால் என் வண்டிக் கடன் ட்யூ நின்றுபோகும். ஆனால் சீட்டைத் திருப்பவும் எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

2. நாலு கிலோ

நான் நகரிக்காரன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பதியில் வண்டி ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பயம் என் கூடவே பிறந்தது. பிரேக்கை ஒரு தடவை அமுக்கிப் பார்க்காமல் வீட்டு கேட்டைத் தாண்டியதில்லை. வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்து அடி போய், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். ஸ்டாண்டில் பசங்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது இங்கே வேண்டாம்.

அந்தக் குழந்தை சீட் நான் வாங்கியது இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் சென்னையில் புதிதாக வாங்கி, ஒரு மாசம் என் வண்டியில் வைத்துச் சுற்றியது. ஏர்போர்ட்டில் இறங்கும்போது, வேற பாப்பா யாராச்சும் வந்தா வெச்சிக்குங்க என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். அதில் இரண்டு படம். பின்பக்கம் பார்த்த குழந்தை, பூஜ்ஜியத்திலிருந்து பதிமூன்று கிலோ. முன்பக்கம் பார்த்த குழந்தை, ஒன்பதிலிருந்து பதினெட்டு கிலோ.

நான் என்ன புரிந்துகொண்டேன் என்றால், ஒன்பது கிலோ ஆனால் முன்னால் திருப்பு என்று. குழந்தையோடு யார் வந்தாலும் எத்தனை கிலோ என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்பேன். ஒன்பது என்றால் திருப்பி மாட்டுவேன். ஒன்றரை வருஷம் அப்படி ஓட்டினேன்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு அம்மா, கையில் பத்து கிலோ பையன். சீட் முன்னால் பார்த்து இருப்பதைக் கண்டு, ஏன் என்று கேட்டார். ஸ்டிக்கரைக் காட்டினேன். அந்த அம்மா குனிந்து படித்துவிட்டு, கோபப்படாமல் சொன்னார்.

"ஒன்பதுன்னா திருப்பலாம்னு அர்த்தம். பதிமூணுன்னா திருப்பியே ஆகணும்னு அர்த்தம். நடுவுல நாலு கிலோ சும்மா கெடைக்குது, அதை ஏங்க விடறீங்க?"

பிறகு பையனின் தலையைப் பிடித்துக் காட்டி விளக்கினார். இந்த வயசுக் குழந்தைக்கு உடம்பு அளவுக்குத் தலை ரொம்பக் கனம், கழுத்து இன்னும் உறுதியாகவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் பெரிய பிரேக்கில் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் வீசும். பின்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஏந்திக்கொள்ளும்.

அடுத்த நாள் முழுக்க ஒன்றரை வருஷத்தில் நான் திருப்பிய குழந்தைகளை நினைத்து நினைத்துப் பார்த்தேன். போனில் நம்பர் இருந்த அத்தனை பேருக்கும் போன் செய்து, பாப்பா நல்லா இருக்கா என்று கேட்டேன். எல்லாப் பாப்பாக்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவர் மட்டும், நான் கைமாத்து கேட்கப் போகிறேன் என்று நினைத்து, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து என் வண்டியில் ஒரு சட்டம். பதிமூன்று கிலோ வரை பின்பக்கம். எடை குறைவாக இருந்தும் உச்சந்தலை சீட்டின் மேல் விளிம்புக்கு வந்துவிட்டால், அப்போதும் பின்பக்கம் வைக்க சீட் பத்தாது, திருப்பிவிட வேண்டும்.

3. அலிபிரியில்

மலையடிவாரத்தில் அலிபிரி செக்கிங்கில் எல்லோரும் இறங்கி, பைகளை மிஷினில் விட்டு எடுத்து, மறுபடி வண்டியிடம் வந்தோம். மேலே மலை முழுசாகத் தெரிந்தது. ஐயா கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, இப்போ திருப்பு என்றார்.

பதிமூன்று கிலோ ஆகவில்லை ஐயா, அதுவரை பின்பக்கம்தான், அது என் வண்டிச் சட்டம் என்றேன்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஐயா நாற்பது வருஷம் மாங்காய்க் கூடை தூக்கியவர். தராசில் வைப்பதற்கு முன்பே கையில் தூக்கி எடை சொல்வார். மண்டியில் அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. பாப்பாவை ஹேமாவிடமிருந்து வாங்கி, இரண்டு தடவை மேலே தூக்கிக் கீழே இறக்கினார். பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"பதினாலு. எறநூறு கிராம் முன்ன பின்ன இருக்கும். உன் சட்டப்படியே திருப்பணும் இல்ல?"

போன மாசம் டாக்டரிடம் போட்டபோது பதினொன்று சொச்சம் இருந்தது என்று ஹேமா சொன்னாள். இந்த ஒரு மாசம் என் வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்திருக்கிறாள், அந்தக் கணக்கு டாக்டருக்குத் தெரியுமா என்றார் ஐயா. ஹேமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நைனா, மாங்கா வாங்கும்போது கொறச்சி சொல்லுவீங்க, விக்கும்போது ஏத்தி சொல்லுவீங்க. இவள எங்க விக்கப் போறீங்க?"

கார்த்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்மையிலேயே பதினாலு இருந்தால், பின்பக்கம் வைப்பது தப்பு. இல்லாவிட்டால், முன்பக்கம் திருப்புவதற்கு எனக்கு மனசு இல்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, மேல போனதும் துலாபாரத்துல எப்படியும் எடை போடத்தான் போறாங்க. ஏர்றதுக்கு இப்படியே இருக்கட்டும். பதிமூணு தாண்டியிருந்தா எறங்கும்போது நானே என் கையால திருப்பிடறேன்."

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரே. சாமி தராசு சொல்லட்டும். பதிமூணுக்குக் கீழ இருந்தா வாடகைக்கு மேல ஆயிரம் ரூபா வாங்கிக்கோ" என்று முன் சீட்டில் ஏறி, முட்டியை டேஷ்போர்டில் இடித்துக்கொண்டார்.

4. பார்க்கிங்கில் மூன்று மணி நேரம்

உள்ளே போன் கொண்டு போகக் கூடாது. அதனால் அவர்கள் திரும்பி வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிங்கில் நின்று யோசித்தேன். பதிமூன்றரை இருந்தால்? திருப்பித்தான் ஆக வேண்டும். முன்பக்கம் மாட்டி ரொம்ப நாள் ஆனதால் பெல்ட் போகும் வழி மறந்திருக்குமோ என்று பயம் வந்தது. சீட்டைக் கழற்றி, முன்பக்கம் மாட்டி, முட்டியை வைத்து அழுத்தி பெல்ட்டை இழுத்து, ஆட்டிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை. மறுபடி கழற்றிப் பின்பக்கம் மாட்டினேன். பிறகு சரியாகப் பதிமூன்றே இருந்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு ஒரு டீ குடித்தேன்.

தூரத்தில் நாலு பேரும் வந்தார்கள். பாப்பா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அப்பா தோளில் இருந்தாள். ஐயாவுக்கும் மொட்டை. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்கிட்டே வந்து, மடித்த ரசீதை என் கையில் வைத்தார்.

பதினொரு கிலோ, நானூறு கிராம்.

நான் ரசீதை இரண்டு தடவை படித்தேன். ஹேமா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

முடியை எடுத்ததில் குறைந்திருக்கும் என்றார் ஐயா. பிறகு தானாகவே ஒப்புக்கொண்டார்.

"மாங்கா கூடை கம்முனு கெடக்கும். இவ கையையும் காலையும் ஒதைக்கிறா. அதான் கை கணக்கு தப்பிப் போச்சி."

பாப்பாவைத் தானே வாங்கி, பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்கார வைத்தார். பக்கிள் மாட்டத் தெரியவில்லை. நான் மாட்டிக் காட்டினேன். தோள் பட்டையில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் துணி மடியக் கூடாது என்று சொன்னேன். கிள்ளிப் பார்த்தார். மாங்காய் பழுத்ததா என்று பார்க்கிற அதே விரல்.

5. இறக்கம்

இறங்கும் ரோட்டில் ஏழெட்டு வளைவு தாண்டியிருப்போம். ஒரு குரங்கு, முதுகில் குட்டியோடு, தடுப்புச் சுவரிலிருந்து ரோட்டில் குதித்தது. பிரேக் போட்டேன். ஹேமா மடியில் இருந்த லட்டுப் பை பறந்து வந்து கியர் பக்கத்தில் விழுந்தது. ஐயாவை பெல்ட் பிடித்து நிறுத்தியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஹேமா எட்டிப் பார்த்து, ஒண்ணும் இல்லண்ணா என்றாள். அதற்குள் பாப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளை சீட் பொத்தென்று அணைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, மறுபடி மறுபடி என்று கேட்டாள்.

குரங்கு போனதும் மெதுவாக எடுத்தேன். ஐயா பாப்பாவைப் பார்க்க உடம்பைத் திருப்பினவர், அப்படியே இருந்துவிட்டார். சீட்டுக்கு மேலாக, பின் கண்ணாடி வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாம நாலு பேரும் சாமிக்கு முதுகு காட்டிக்கினு எறங்கறோம். இவ ஒருத்திதான் மலையப் பாத்துக்கினு வரா."

எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. இந்த ரோட்டில் எத்தனை குழந்தைகளை இறக்கியிருக்கிறேன், கணக்கு இல்லை.

ஐயா உடம்பை முறுக்கி, பின்பக்கம் பார்த்துக் கைகூப்பினார். பெல்ட் கழுத்தை அறுத்தது, அவர் விடவில்லை. பாப்பாவுக்கு முகம் காட்ட ஹேமா பிடித்திருந்த சின்னக் கண்ணாடியில் மொட்டைத் தாத்தாவைப் பார்த்து, தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்து, மொட்டைப் பேத்தியும் இரண்டு கையையும் சேர்த்தாள். கீழே அலிபிரி வரும்வரை இருவரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். கார்த்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டி ஓட்டுகிறவன் சிரிக்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

6. வண்டி எடுக்கிற தம்பிகளுக்கு

சீட்டைத் திருப்ப வயசைப் பார்க்காதீர்கள், கால் மடங்குவதைப் பார்க்காதீர்கள், பெரியவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். எடையையும் உச்சந்தலையையும் பாருங்கள். ஸ்டிக்கரில் சின்ன எண் அனுமதி, பெரிய எண் எல்லை. எல்லை வரும்வரை பின்பக்கமே இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் எண் மாறும். படிக்கக் கஷ்டமாக இருந்தால் யாரையாவது கேளுங்கள். யாரையும் கேட்காமல் ஒன்றரை வருஷம் தப்பாகத் திருப்பியவன் சொல்கிறேன்.

அன்று பங்காருபாளையத்தில் இறக்கிவிட்டபோது, ஐயா வாடகையைக் கொடுத்து, அதற்கு மேல் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தார். ஆயிரம் என்றீர்களே என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். பேத்தி பதிமூன்று கிலோ ஆகிற அன்றைக்கு நானே வந்து சீட்டைத் திருப்ப வேண்டுமாம். மீதி அப்போதுதானாம்.

அதிலிருந்து மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் பாப்பாவை மண்டிக்குத் தூக்கிப்போய், மாங்காய் போடும் எலக்ட்ரானிக் தராசில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். கையால் தூக்கி எடை சொல்வதை விட்டுவிட்டார், பேத்தி விஷயத்தில் மட்டும். போன வாரம் பன்னிரண்டு கிலோ அறுநூறு.

பாக்கி ஐந்நூறு ரூபாய்.