ஜெசிந்தா வரைந்த நான்கு வட்டங்கள்

ஜெசிந்தா இறந்த செய்தி எங்கள் அச்சகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ரோஜாப்பூவும் மெழுகுவர்த்தியும் போட்ட ஒரு படம். அதற்குக் கீழே பதினாறு பேர் கைகூப்பினார்கள். பதினேழாவதாக ஒருவர் வேறு ஏதோ ஆர்டரின் ஃப்ளெக்ஸ் பேனர் வந்துவிட்டதா என்று கேட்டார். அதற்கு முதலாளி கட்டைவிரலை உயர்த்தினார். மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டே நாள். எங்களில் ஒருவர்கூடப் போய்ப் பார்த்திருக்கவில்லை. பேனர் பற்றிய பதிலைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேவாலயக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் முதலாளி பேசியதைக் கேட்டிருப்பீர்கள். "ஜெசிந்தா எங்கள் குடும்பத்தில் ஒருத்தி, வேலையில் அவ்வளவு சுத்தம்" என்று இந்தியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

தூத்துக்குடிக்காரரான ஜெசிந்தாவும் நானும் தெற்கு டெல்லியில் அந்த அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். வட்டம் என்றால் அவர் மவுஸைப் பிடித்து இழுக்கவே மாட்டார். ஆரத்தை எண்ணாகவே தட்டச்சு செய்வார். "கண்ணு பொய் சொல்லும் முரளி, எண்ணு சொல்லாது" என்பார். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் வரும் பூவுக்குக்கூட அப்படித்தான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளி சேர்க்கைக் கையேடு அச்சடிக்க வந்தது. அதில் ஒரு வரைபடம். பள்ளியை மையமாக வைத்து, கிலோமீட்டருக்கு ஒன்றாக நான்கு வட்டங்கள். முதல் வட்டத்துக்குள் வீடு இருக்கும் குழந்தைக்குச் சேர்க்கையில் முன்னுரிமை. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் மூன்று சென்டிமீட்டர். ஜெசிந்தா ஒரே மையத்தில் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஆரங்களைக் கொடுத்தார். நான்கு வட்டங்களும் ஒரே இடைவெளியில் நின்றன. பத்து நிமிட வேலை.

மறுநாள் வரைபடம் பள்ளியிலிருந்து திரும்பி வந்தது. முதல் வட்டத்தின் விளிம்புக்குள் ஒரு ஜுக்கி, குடிசைப் பகுதி, இருந்தது. நூறு தகரக் கூரைகள் இருக்கும். அந்தக் குடிசைகள் வட்டத்துக்கு வெளியே போக வேண்டும், ஆனால் 'ஒரு கிலோமீட்டர்' என்ற எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

"சோட்டா ஸா சேஞ்ச் ஹை, பேட்டா" என்றார் முதலாளி ஜெசிந்தாவிடம்.

"சின்ன மாத்தமா? நூறு வீட்டைத் தூக்கி வெளிய போடச் சொல்லுதாவ. எனக்கு ஓக்காளம் வருது" என்று ஜெசிந்தா தமிழில் என்னிடம் சொன்னார். முதலாளியிடம் இந்தியில் முடியாது என்று ஒரே வார்த்தை சொன்னார்: "நஹி."

முதலாளி என் மேசைக்கு வந்தார். நான் செய்தேன். வெளி வட்டத்தைப் பிரதி எடுத்து அறுபது சதவீதமாகச் சுருக்கினேன், அதைப் பிரதி எடுத்து மறுபடி அறுபது, மறுபடி அறுபது. இப்படிச் செய்தால் உள்ளே போகப் போக வட்டங்கள் நெருங்கிவிடும். முதல் வட்டம் மூன்று சென்டிமீட்டருக்கு வராமல் இரண்டரை சொச்சத்தில் நின்றது. ஜுக்கி வெளியே போய்விட்டது. குளத்தில் கல் விழுந்ததுபோல் அழகாக இருப்பதாகப் பள்ளியில் பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டில் எனக்கு அன்று சந்தோஷம்கூட வந்தது. இதை எழுதும்போது என் கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் அச்சகத்தைப் பெருக்க வரும் செல்வி அந்த ஜுக்கியில்தான் இருந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். கையேடு வெளியான வாரம், அதை ஜெசிந்தாவிடம் கொண்டுவந்து காட்டினார்.

"அக்கா, பாப்பாவுக்கு ஃபாரம் குடுக்க மாட்டேங்கறாங்க. வூடு தூரமாம். ஸ்கூல் மணி அடிச்சா எங்க வூட்டுக்குள்ள கேக்குதுக்கா. அது எப்டிக்கா தூரம்?"

ஜெசிந்தா வரைபடத்தைப் பார்த்தார். ஸ்கேலை வைத்து முதல் வட்டத்தை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தான் முதலில் வரைந்ததை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு அன்றைக்கே செல்வியோடு பள்ளிக்குப் போனார். அலுவலக அறையில் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலையும் வைத்து, "நீங்களே அளந்து பாருங்க" என்றாராம். அவர்கள் அளக்கவில்லை. விஷயம் வெளியே போகாமலிருக்கச் செல்வியின் மகளை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஜுக்கியின் மற்றக் குழந்தைகளுக்கு அதே கையேட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை முதலாளி ஜெசிந்தாவை வேலையைவிட்டு நிறுத்தினார். எல்லோர் முன்னாலும், கத்தித்தான். நான் எழுந்திருக்கவில்லை.

ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு என் மேசை அருகே நின்றார். "அவரு யாவாரி, அப்படித்தான் இருப்பாரு. நீங்க ஏன் செஞ்சீய முரளி? தெரிஞ்சேதான செஞ்சீய?" என்றார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அழைத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இரங்கல் கூட்டம் முடிந்த நான்காம் நாள், அதே பள்ளியின் கையேடு மறுபடி என் மேசைக்கு வந்தது. வருடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். திறந்தேன். மூன்று வருடமாக என் வட்டங்களைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். நான்கையும் அழித்தேன். ஒரே மையத்தில் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று எண்களைத் தட்டினேன்.

அதைப் பள்ளிக்கு அனுப்பினேன். ஐம்பது தாள் அச்செடுத்துச் செல்வியிடமும் கொடுத்தேன். ஜுக்கியில் எல்லோரும் இதைப் பள்ளியில் கொண்டுபோய்க் காட்டட்டும் என்றேன், பழைய வட்டங்களை வரைந்தவன் யார் என்பதையும் சொன்னேன். "நீங்களா சார்?" என்றார் செல்வி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு போனார்.

அருவருப்பை விழுங்காமல் வாய்விட்டுச் சொல்வது. ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். பள்ளியிலிருந்து பேசியிருப்பார்கள், முதலாளி காலையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார். இதை முடித்துவிட்டு அவர் அறைக்குப் போகிறேன்.