உறைக்குள் இருந்த சான்றிதழ்

காலை ஆறரை மணிக்கு நெளுக்குளம் வீதியில் சைக்கிள் மிதிக்கும்போது சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவார். பக்கத்தில் ஆள் இருக்காது. எதிரே ஒரு பாடசாலை அதிபர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகிற பேச்சு அது: தன் பெயர், ஊர், எத்தனை வருடம் படிப்பித்தார், குழப்படி செய்கிற பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவார். காவலரணுக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும்போது வாயை மூடிவிடுவார். இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, கேட்டால் பையைத் திறந்து காட்டி, வளைவைத் தாண்டியதும் விட்ட வசனத்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

அந்த அதிபர் மாலைதீவில் இருக்கிறார். அங்கே ஒரு சிறிய தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியை வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். சிவனேஸ்வரிக்கு வருகிற மாசியில் நாற்பத்தைந்து. தொலைபேசியிலேயே கேள்வி கேட்டு அவரைத் தெரிவு செய்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றே ஒன்றுதான்: சான்றிதழின் பின்பக்கத்தில் கொழும்பிலுள்ள அரசாங்கக் கந்தோரில் முத்திரை குத்தி, நவம்பர் முப்பதுக்கு முன் வேலைக்கு ஆள் எடுக்கிற முகவரிடம் கொடுக்கவேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. இது 2006ஆம் ஆண்டு.

சைக்கிள் போய் நிற்பது இரஞ்சிதம் என்ற பெண்ணின் வளவுக்குள், ஒரு தகரக் கொட்டிலில். அதுதான் வகுப்பு. புரட்டாதியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள், இப்போது பதினாறு. சிலர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர் வகுப்பு முடிந்து புறப்பட்டவர், வீடு போய்ச் சேரவில்லை. அவருடைய கொப்பியைச் சிவனேஸ்வரி இன்னும் மற்றக் கொப்பிகளோடுதான் அடுக்கி வைக்கிறார். திருத்துகிற நாளில் அதையும் திறந்து, கடைசியாக எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடுவார்.

"மாலைதீவில மீன் மட்டும்தானாம் ரீச்சர். நீங்கள் சைவமெல்லே?" என்று வகுப்பில் வாயாடி மேனுகா கேட்டாள்.

"நான் மீனுக்குப் படிப்பிக்கப் போகேல்லைப் பிள்ளை. அந்தச் சனத்தின்ர பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறன். நீ பந்தியை வாசி."

"வெளிநாட்டில இங்கிலீஸ் படிப்பிக்கிறதெண்டால் கட்டாயம் சேர்டிபிக்கற் வேணுமோ ரீச்சர்?"

"வேணும். கடதாசி இல்லாமல் போற இடமெல்லாம் விருந்தாளியாத்தான் இருக்கலாம்."

கடதாசி விஷயத்தில் அவர் அப்படித்தான். தூதரகத்துக்குக் காட்ட, தன்னிடம் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்ததாக ஒரு கடிதம் தரும்படி ஒரு மாணவி கேட்டாள். படித்தது ஏழு கிழமை. சிவனேஸ்வரி ஏழு கிழமை என்றே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அந்த மாணவியின் தாய் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனாள். "எண்டாலும் வடிவா எழுதித்தானே குடுத்தனான்" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசுவமடுவில் ஒன்பது வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தவர். நியமனம் இல்லை, மாதா மாதம் சம்பளம் என்று ஒன்றும் இல்லை, பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். சமாதான காலத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வவுனியாவில் ஆங்கில ஆசிரியருக்கு ஒரு வருடப் பயிற்சி நடத்தியது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. விடிய நாலு மணிக்கு விசுவமடுவில் பஸ் ஏறி, புலிகள், இராணுவம் என்று இரண்டு தரப்புச் சோதனையிலும் இறங்கி ஏறி, ஓமந்தையில் வெயிலுக்குள் வரிசையில் நின்று, பத்து மணி வகுப்புக்குப் பதினொன்றுக்குப் போய்ச் சேருவார். பிந்தினதற்கு மன்னிப்புக் கேட்பதுதான் அந்த வகுப்பில் அவர் முதலில் தவறில்லாமல் பேசப் பழகிய ஆங்கிலம். வருடக் கடைசியில் கிடைத்தது அந்தச் சான்றிதழ். மேலே நிறுவனத்தின் சின்னம், நடுவில் அச்சடித்த எட்டு வரி, அவற்றுக்குக் கீழே பேனாவால் எழுதிய அவருடைய பெயர், அடியில் பயிற்றுவித்த வெள்ளைக்காரப் பெண்ணின் நீலக் கையொப்பம்.

வாங்கிய கையோடு வவுனியாவிலேயே ஹலீமின் போட்டோப் பிரதிக் கடைக்குப் போய் அதை லமினேற் செய்வித்தார். வன்னியில் அப்போது எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். பாதை திறந்து அந்த இயந்திரங்கள் வந்தபோது சனம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நின்றது. பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், காணி உறுதி, காணாமற் போனவர்களைப் பற்றிய கடிதங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்து உருக்கி ஒட்டினார்கள். இனி மழைக்குள் ஓடினாலும் எழுத்து கரையாது. சிவனேஸ்வரியின் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் தொண்ணூற்றைந்தில், சனமெல்லாம் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய மழை இரவில், பைக்குள்ளேயே கூழாகிப் போயிருந்தது. இதற்கும் அந்தக் கதி வரவிடக்கூடாது என்று இருந்தார்.

ஆவணியில் பாடப் புத்தகம் வாங்க வவுனியாவுக்கு வந்தவர். அந்தக் கிழமையே ஓமந்தையில் பாதையைச் சாத்தினார்கள். பிறகு அது திறந்தும் திறக்காமலும் கிடந்தபோது, உள்ளே போனால் மறுபடி வெளியே வர விடமாட்டார்கள் என்று இங்கேயே நின்றுவிட்டார். இரண்டு சேலை, புத்தகங்கள், எங்கே போனாலும் கூடவே போகிற அந்த ஃபைல். அவ்வளவுதான் கையில் இருந்தது.

போன கிழமை கொழும்புக் கந்தோரில் ஐந்து மணித்தியாலம் நின்று யன்னலுக்கு வந்தபோது, உள்ளே இருந்த பெண் சான்றிதழை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். நகத்தால் பிளாஸ்டிக்கில் இரண்டு தரம் தட்டினாள். கோபமில்லாமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்: முத்திரை கடதாசியில்தான் பதியவேண்டும், பிளாஸ்டிக்கின்மேல் குத்த முடியாது, வேறு பிரதி எடுத்து வாருங்கள். வேறு பிரதி கொடுக்க அந்த நிறுவனம் இப்போது வவுனியாவில் இல்லை. சண்டை தொடங்கியதும் பெயர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முகவரிக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சலும் திரும்பி வந்தன.

வேறு வழியில்லாமல் சிவனேஸ்வரி ஹலீமிடம் வந்தார். ஹலீம் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு அங்கிருந்து போகச் சொல்லப்பட்டுப் புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் முகாமில் இருந்து, திரும்பி வவுனியா மட்டும் வந்து சேர்ந்தவர். போட்டோப் பிரதி, தொலைபேசி, லமினேற், எல்லாம் ஒரே அறைக்குள். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் நானா, அதாவது அண்ணன்.

"நானா, இதைக் கழட்டித் தரவேணும்."

"ரீச்சர், நான் ஒட்டத்தான் பழகினனான். கழட்டுறதுக்கு ஒருத்தரும் பழக்கேல்லை."

"அப்ப இப்ப பழகுங்கோ."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. பாங்கொக்கிலிருந்து கிருசாந்தன். விசுவமடுவில் சிவனேஸ்வரியிடம் படித்தவன். கனடாவுக்கென்று வெளிக்கிட்டு நடுவழியில் நிற்கிறான். ரீச்சரைத் தேடி இந்தக் கடைக்குத்தான் எடுப்பான். ஒரு சிறுவர் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறானாம்.

"உன்னட்டை என்ன சேர்டிபிக்கற் கிடக்கு?" என்று சிவனேஸ்வரி கேட்டார்.

"இஞ்ச ஆரும் கடதாசி கேக்கேல்லை ரீச்சர். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய்ச் சிரிச்சனான், எடுத்திட்டினம். நீங்கள் அடிச்ச அடிதான் என்ர சேர்டிபிக்கற்!"

தொலைபேசியை வைத்துவிட்டு ஹலீமைப் பார்த்தார். "ஒரு வசனம் நேரா வராது அவனுக்கு. அந்தப் பிள்ளையளை நினைக்கத்தான் பாவமாக் கிடக்கு" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது.

ஹலீம் முதலில், கையால் எழுதி லமினேற் செய்த தன் பழைய விலைப்பட்டியல் ஒன்றில் செய்து பார்த்தார். துணியை மேலே போட்டு, அயன் பெட்டியால் மெல்லச் சூடாக்கி, மூலையில் சவர பிளேட்டை விட்டுத் தூக்கினார். பிளாஸ்டிக் பாம்புச் சட்டைபோல் உரிந்து வந்தது. எழுத்து அப்படியே நின்றது. பிறகு சான்றிதழை வைத்தார். பின்பக்கம் சுகமாகக் கழன்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் இருந்தால் கடதாசி சுருண்டது. சுருண்ட கடதாசியையும் அந்தப் பெண் திருப்பிவிடுவாள் என்று சிவனேஸ்வரிக்குப் பயம். "மற்றப் பக்கத்தையும் எடுங்கோ" என்றார்.

மற்றப் பக்கம் அச்சோடு வந்தது. சின்னம், எட்டு வரி, திகதி எல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு மேலே போயின. கடதாசி வெள்ளையாகக் கிடந்தது. பேனா மை மட்டும் அதில் ஊறி நின்றது: கீழ்ப்பக்கமாகச் சிவனேஸ்வரியின் பெயர், அடியில் அந்த நீலக் கையொப்பம். இவர் என்ன படித்தார், அவர் எதற்குக் கையொப்பம் வைத்தார் என்று சொல்ல மேலே ஒரு சொல்லும் இல்லை.

ஹலீம் அயன் பெட்டியின் வயரைக் கழற்றினார். "என்ர கை உடைய" என்றார்.

சிவனேஸ்வரி கடதாசியைக் கையில் எடுத்தார். கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கடதாசியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

ஹலீம் உரிந்த பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில வடிவாக் கிடக்கு. அதை ஸ்கான் பண்ணித் திருப்பி, இதே கடதாசியில, இதே இடத்தில பிறிண்ட் எடுத்துத் தரலாம். மயிரிழை விலகாது."

"அது கள்ளச் சேர்டிபிக்கற் நானா."

"எது கள்ளம்? பேர் உங்கட பேர். கையெழுத்து அந்த வெள்ளைக்காறியின்ர. வெயிலுக்க நிண்டு படிச்சது நீங்கள். கடதாசியும் அதே கடதாசி. நான் வைக்கிறது மை மட்டும்."

"பிடிச்சால்?"

"பிடிச்சால் ரெண்டு பேரையும்தான்." ஹலீம் குரலைத் தாழ்த்தினார். போன மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கள்ளப் பயண அனுமதிப் பாஸ் அச்சடித்ததாகச் சொல்லி, இயந்திரத்தோடு கடைக்காரரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கடை இன்னும் திறக்கவில்லை. "நீங்கள் வேண்டாமெண்டால் வேண்டாம். நான் குறை நினைக்க மாட்டன்."

சுவர் நாட்காட்டியில் திகதி இருபத்தேழு. வெளியே ஒரு ட்ரக் போனது. கண்ணாடி அலுமாரி அதிர்ந்து அடங்கியது.

சிவனேஸ்வரி கடதாசியை ஸ்கானரின் பக்கத்தில் வைத்து, மூலைகளை விரலால் நீவி விட்டார். எழுந்தார். வாசலுக்குப் போய் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, கடையின் இரும்புக் கதவைப் பிடித்து, சத்தம் வராதபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தார்.