பொலிவு லேகியமும் பாப்பாத்தியக்காவும்

நாட்டு மருந்துக் கடையில் மருந்து விற்பது ஒரு வேலையே இல்லை; விற்ற மருந்து பலிக்கவில்லை என்று ஆள் திரும்பி வருகிற அன்றைக்குக் கடையில் நிற்பதுதான் வேலை.

காலி டப்பா

அகரத்துப் பாப்பாத்தியக்கா அந்தத் தகர டப்பாவை என் முன்னால் டங்கென்று வைத்தபோது நான் திப்பிலி சலித்துக்கொண்டிருந்தேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வரும் என்று சொல்லிக் கொடுத்த லேகியம். முப்பதாம் நாளே காலி. சொன்னபடி காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவுதான் உருட்டிச் சாப்பிட்டேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியது.

டப்பாவின் மேல் எங்கள் முதலாளி ஒட்டியிருக்கும் காகிதத்தில், 'பொலிவு லேகியம். பிரசவத்தாலும் ஆபரேஷனாலும் மெலிந்த மாதர்களுக்கு மார்பு நிறைவும் மேனிப் பொலிவும் தரும்' என்று இருக்கும். முதலாளி கெட்டிக்காரர். இப்படி யாராவது டப்பாவோடு திரும்பி வந்தால் உள்ளே போய் உரலில் கல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடை வேலை பார்த்தவர்களுக்கு முதலாளிகளின் இந்த உள்ளே போகிற நேரம் நன்றாகத் தெரியும். நான் என்ன செய்ய? அக்காவை மேலும் கீழும் பார்த்தேன். கன்னம் பளபளவென்று உப்பியிருந்தது. மற்றபடி போன மாதம் பார்த்த அதே அக்காதான். அதை மறைக்காமல் சொன்னேன்.

"கன்னத்துக்கா தாயி நான் மருந்து கேட்டேன்?" என்றது அக்கா.

சாம்பிராணி வாங்கியும் போகாதவர்கள்

அக்கா முதல் தடவை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைக்குச் சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல் உண்டு. அது பெண்களுக்கு. முன்பக்கம் ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை முதலாளி வேலைக்குக் கூப்பிட்டதே அந்த ஜன்னலுக்காகத்தான். ஆனால் ஜன்னலிலும் யாரும் நேராகக் கேட்பதில்லை. முதலில் சாம்பிராணி வாங்குவார்கள். பிறகு சுக்கு. பிறகு வானத்தைப் பார்ப்பார்கள். சாம்பிராணியும் சுக்கும் வாங்கிய பிறகும் ஒருத்தி நகரவில்லை என்றால் அவளுக்கு வேறு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். பொறுமைசாலிகள் அரை மணி நேரம் காத்திருந்து கேட்டுக்கொள்ளலாம். எனக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது. "அக்கா, சுக்கு போதுமா, இல்ல வந்த காரியத்தையும் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயசிருக்கும். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கனகாம்பரமும் மல்லிகையும் போட்டுத் தினம் டவுனுக்குப் பூக்கூடை கொண்டுவருகிறவர்கள். ஆறு மாதத்துக்கு முன் உதிரப்போக்கு நிற்காமல் மதுரையில் ஆபரேஷன் செய்து கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்து வந்தது, ஆனால் உடம்பு பாதியாகிவிட்டது. ரவிக்கையெல்லாம் தொளதொள. நாத்தனார் ஒருத்தி, இந்த ரவிக்கையை உன் மகளுக்குக் கொடு, உனக்கு இனி எதற்கு என்று சிரித்தாளாம். அன்றிலிருந்து அக்கா குளிக்கும்போது குனிந்து தன்னைப் பார்ப்பதே இல்லையாம். இதையெல்லாம் சுக்குப் பொட்டலத்தைத் திருகிக்கொண்டே சொன்னது.

"உள்ள இருந்தது போயிருச்சு. வெளிய இருக்கதும் வத்திப்போச்சுன்னா நான் பொம்பளைன்னு என்னத்த வச்சுத் தாயி சொல்லிக்கிறது?" என்றது.

பத்தியம்

டப்பா காலியான கதைக்கு வருகிறேன். உரலைப் பார்த்து முடித்து முதலாளி வெளியே வந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழிமுறை இருக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்றால் மருந்தைப் பற்றிப் பேசக்கூடாது, பத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டும். பொலிவு லேகியத்துக்குப் பத்தியம் பதினோரு சாமான். புளி, கத்திரிக்காய், அகத்திக்கீரை, கருவாடு என்று அது பாட்டுக்குப் போகும். நாற்பத்தெட்டு நாளில் பதினொன்றில் ஒன்றையாவது தொடாத மனுஷி இந்தத் திண்டுக்கல் ஜில்லாப் பக்கம் பிறக்கவில்லை. முதலாளி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். எங்காவது ஒரு இடத்தில் ஆள் முழிப்பாள். அங்கே பிடித்துக்கொள்வார்.

அக்கா புளியில் முழித்தது. பிறந்த வீடு நத்தம். புளியந்தோப்புக்காரர்கள். தம்பி கல்யாணத்துக்குப் போன இடத்தில் எல்லா வெஞ்சனத்திலும் புளி. இரண்டு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டதாம். முதலாளி முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், புளி மருந்தை முறித்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஒரு மண்டலம் என்றார். நான் அடுத்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கி முந்தானையில் மறைத்தது. போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"கல்யாணத்துல ஒரு நாள் தின்ன புளி, முப்பது நாள் தின்ன மருந்தை முறிக்குதுன்னா, எது தாயி நல்ல மருந்து?"

ஜன்னலில் ஒரு ஆம்பிளை

நாலு நாள் கழித்து அந்தச் சந்து ஜன்னலில் ஒரு ஆம்பிளை வந்து நின்றார். மொட்டையடித்து முளைத்த தலை. சாம்பிராணி கேட்டார். கொடுத்தேன். சுக்கு கேட்டார். சரிதான், இவரும் அந்த ஜாதிதான் என்று நினைத்து வந்த காரியத்தைக் கேட்டேன். நான் பாப்பாத்தி வீட்டுக்காரன் என்றார். விடியற்காலையில் பூப் பறிக்கப் போகும்போது பசிக்குமாம். அலமாரியில் கருப்பட்டியும் நெய்யும் மணக்க ஒரு டப்பா இருந்ததாம். முதல் நாள் ஒரு விரலால் எடுத்து நக்கினார். பிறகு தினம் ஒரு கொட்டைப்பாக்கு அளவு. பிறகு தோசைக்குத் தொட்டுக்கொள்ள. நேற்றைக்குத்தான் படிக்கிற மகனைக் கூப்பிட்டு டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். மகன் சத்தமாக வாசித்துவிட்டான்.

மனுஷன் துண்டை எடுத்து நெஞ்சை மூடிக்கொண்டு, தனக்கு ஏதும் ஆகிவிடுமா என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, தொப்பைதான் வரும், வந்தும்விட்டது என்றேன். தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, உளுந்து, வெந்தயம் எல்லாம் இடிப்பது நான்தானே. அதற்கு மேல் அதில் இருப்பது கருப்பட்டியும் நெய்யும். பிறகு எனக்குக் கோபம் வந்து, உங்களுக்காகத்தான் அக்கா இதைச் சாப்பிடுகிறது, இப்படிச் சாப்பிடு என்று நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் துண்டைக் கீழே விட்டார்.

"நானா? அவ உசுரோட திரும்பி வந்தா போதும்னு வேண்டிக்கிட்டு, போன மாசந்தான் பழனிக்குப் போயி மொட்டை போட்டவன் தாயி நான். இன்னும் முடி முழுசா முளைக்கலை, பாரு" என்றார்.

வலது பக்கம்

அடுத்த மாதம் அக்கா மறுபடி வந்தது. இந்தத் தடவை சாம்பிராணியும் வாங்கவில்லை, சுக்கும் வாங்கவில்லை. ஒரு முழம் மல்லிகையை ஜன்னல் வழியாக நீட்டி, வச்சுக்க தாயி என்றது. முகமெல்லாம் சிரிப்பு. மருந்து பிடித்துவிட்டதாம். எனக்கு ஆச்சரியம். இரண்டு வருஷமாக அந்த லேகியத்தை விற்கிறேன், பிடித்துவிட்டது என்று யாரும் வந்து சொன்னதில்லை. எங்கே, எப்படி என்று விசாரித்தேன். வலது பக்கம் மட்டும்தானாம். அதிலும் ஒரே இடத்தில், எலுமிச்சம்பழம் போல உருண்டையாக, கையில் தட்டுப்படுகிறதாம்.

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் லேகியம் தெரியும். வலது எது, இடது எது என்று பார்த்துப் போய் நிற்கிற சாமான் எதையும் நான் அதில் இடித்துப் போடவில்லை. உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் ஒரு நொடி மாறியதை நான் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் மருந்து ஒரு தடவையாவது பலித்துவிட்டது என்று நம்ப அவருக்கு அவ்வளவு ஆசை.

"வலப்பக்கம் முதல்ல பிடிக்கும், இடப்பக்கம் அப்புறம் வரும். இன்னொரு மண்டலம் சாப்பிடச் சொல்லி டப்பாவைக் குடுத்து அனுப்பு புள்ள" என்றார்.

நான் சொன்னது

ஜன்னலுக்குத் திரும்பி வந்து டப்பாவை எடுக்காமல், அக்கா, இது லேகியம் இல்லை, கட்டி, இப்பவே டாக்டரிடம் காட்டணும் என்று சொல்லிவிட்டேன். தேன் தடவிப் பேச எனக்கு வராது. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டாக்டர் என்றால் கத்தி என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். வரவே மாட்டேன் என்றது. கட்டியோ லேகியமோ, இருந்துவிட்டுப் போகட்டும், பூவுக்கு நேரமாச்சு என்றது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு சந்துக்கு இறங்கிப் போய் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வராவிட்டால் உங்கள் வீட்டுக்கார அண்ணனிடம் போய்ச் சொல்வேன், அவர் பூக்கூடையைப் போட்டுவிட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு போவார், எப்படி வசதி என்று கேட்டேன்.

லேடி டாக்டர் வீட்டு வராந்தாவில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். அக்கா எழுந்து ஓடிவிடப் பார்த்தது. பிடித்து உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அண்ணன் கேட்டுக்கொண்டதை எல்லாம் சொல்லிவிட்டேன். விரலால் நக்கியது, தோசைக்குத் தொட்டுக்கொண்டது, மகன் வாசித்தது, துண்டால் நெஞ்சை மூடியது, கடைசியில் மொட்டை. மொட்டைக்கு வந்தபோது அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. அழுகிறது என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. பிறகு கொஞ்சம் அழுகையும்தான்.

"எனக்காக மொட்டைன்னு எங்கிட்டச் சொல்லவே இல்ல தாயி. தலையில பேன் புடுச்சிருச்சுன்னுல்ல சொன்னாரு அந்த மனுசன்" என்றது.

ஊசி

டாக்டரம்மா திட்டவில்லை. தொட்டுப் பார்த்தார். ஒரு நீளமான ஊசியை எடுத்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. ஊசி வழியாக டீத்தண்ணீர் நிறத்தில் நீர் வந்தது. எலுமிச்சம்பழம் காணாமல் போனது. நீர்க்கட்டிதான், பயமில்லை, ஆனாலும் ஒரு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும் என்றார். காட்டினோம், திரும்ப வரவில்லை. இந்த மாதிரி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது, எல்லாக் கட்டியும் இது மாதிரி நல்ல கட்டியாக இருக்காது என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

அக்கா ரவிக்கையை மாட்டிக்கொண்டே, அப்படியானால் லேகியத்தால் ஒன்றுமே ஆகவில்லையா என்று கேட்டது. அதில் என்னென்ன இருக்கிறது என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். ஒன்று விடாமல் ஒப்பித்தேன். முதலாளி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

"இவ்வளவு நெய்யும் கருப்பட்டியும் சாப்பிட்டா உடம்பு பெருக்கத்தாம்மா செய்யும். எந்த இடத்துல பெருக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றார் டாக்டரம்மா.

ஜன்னல் இன்னும் இருக்கிறது

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் அக்காவைக் கூட்டிப்போன மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சந்து ஜன்னலில் அகரத்துப் பொம்பளைகள் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். பாப்பாத்தியக்கா ஊர் பூராவும் சொல்லியிருக்கிறது, திண்டுக்கல்லில் ஒரு கடை ஜன்னலில் ஒரு பிள்ளை இருக்கிறது, உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று. ஏழு பேரும் சாம்பிராணி வாங்கினார்கள், சுக்கு வாங்கினார்கள், நகரவில்லை. இரண்டு பேரை டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். மூன்று பேருக்கு வெறும் சத்துக்குறைவு. அவர்கள் தாங்களாகவே கேட்டு லேகியம் வாங்கிப் போனார்கள், ருசிக்காக. மீதி இரண்டு பேர் என்னைச் சும்மா பார்க்க வந்தவர்கள்.

பாப்பாத்தியக்கா இப்போதும் பூக்கூடையோடு வந்து போகிறது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டுவிட்டது. லேகியம் மாதம் ஒரு டப்பா வாங்குகிறது. வெட்கமே இல்லாமல் முன்பக்கம் ஆம்பிளைகள் வரிசையில் நின்று, எங்க வீட்டுக்காரருக்கு, தோசைக்கு என்று சத்தமாகச் சொல்லி வாங்குகிறது. அந்த ஏழு பேரும் வந்துபோன அன்றைக்கே முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இனிமே ஜன்னல்ல யாரு வந்து என்ன சொன்னாலும், இன்னொரு மண்டலம் சாப்பிடுங்கன்னு மட்டும் சொல்லு, வேற ஒரு வார்த்தை வாயிலருந்து வரக்கூடாது" என்றார்.

எங்கள் தொழிலில் முதலாளி சொல்வதைக் கேட்டு நடந்தால்தான் நிலைக்கலாம் என்பார்கள்; இந்த 'இன்னொரு மண்டலத்தை' மட்டும் நான் இன்று வரை ஒருத்தியிடமும் சொன்னதில்லை, ஜன்னலும் நானும் அப்படியேதான் இருக்கிறோம்.