லத்திக்கு முன்னால் ஒரு கதை

கொடைக்கானலில் போலீஸ்காரருக்கும் குளிர்கிறது. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்த எனக்கு இதுதான் முதல் அதிசயம். அரைக்கால் சட்டைக்குக் கீழே முழங்கால்கள் தந்தியடிக்க, பஸ் நிலையத்தில் கான்ஸ்டபிள் கருப்பையா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். நாம் பிறந்த தோட்டத்து லயத்து வரிசைவீடுகளிலோ, பொலிஸ் என்றால் துரை பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும். வேலைநிறுத்தத்தின்போது என் அப்பாவை அடித்தார்கள். ஏன் என்று கேட்க எங்களுக்கு வாயில்லை.

இங்கேயும் அடி விழுந்தது. ஞாயிற்றுச் சந்தையில் மண்ணெண்ணெய் வரிசை கலைந்தபோது, கருப்பையாவின் லத்தி என் வீட்டுக்காரரின் கெண்டைக்காலில் இறங்கியது. பஜாரே கொதித்தது. அடுத்து நடந்ததை, இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எப்போது லத்தியைத் தூக்கலாம், எப்போது கூடாது என்று ஊரோடு கலந்து முடிவுசெய்ய, புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார். அடிபட்ட வீடு என்பதால் என்னையும் பேசச் சொன்னார். எழுந்தேன்.

“அடிக்கிறதுக்கு முன்ன ஆளோட கதைக்கணுங்க.”

ஜவுளிக்கடை பாய் திரும்பிப் பார்த்தார். “கியூவுல நிக்கிறவனுக்கு எதுக்கும்மா கதை?”

ஒரே சிரிப்பு. “கதைக்கிறதுன்னா பேசுறதுங்க” என்றேன்.

“அப்ப பேசணும்னே சொல்லியிருக்கலாமே?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“எங்க பக்கம் பேசினார்னா ஏசினார்னு அர்த்தமுங்க. அது இங்க ஏற்கெனவே நடக்குது.”

அவரே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அந்தம்மா சொல்றது சரிதான். முதல்ல கதை. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் லத்தி” என்று முடித்தார். வாசலில் காவல் நின்ற கருப்பையாவின் காதில் இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு வரிசை நெட்டித் தள்ளியபோது, அவர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “ஏலே, தள்ளாத! எல்லாரும் கேளுங்கப்பா! எங்க மாமனார் வத்தலக்குண்டுல ஒரு எருமையை பஸ்ஸுல ஏத்தப் போனாரு...” வரிசை அப்படியே நின்றுவிட்டது. கண்டக்டர் எருமைக்கு டிக்கெட் கேட்ட கட்டத்தில், எண்ணெய் வாங்கிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்களாம். என் வீட்டுக்காரர் வாய்பிளந்து நின்று இடத்தைக் கோட்டைவிட்டு, வெறும் டின்னோடு வந்து என்மேல் பாய்ந்தார். “அடி வாங்குனப்பகூட எண்ணெய் கெடச்சுச்சு!” விழுந்து விழுந்து சிரித்தேன். அவருடைய கெண்டைக்காலைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. என் அப்பாவுக்கு யாரும் ஓர் எருமைக் கதைகூடச் சொல்லவில்லையே.

அடுத்த கூட்டத்துக்கு, இலங்கையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஒரு குடும்பமும் வந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சு. “இங்கிட்டு உக்காருங்கம்மா, நீங்க நம்ம ஊராளு” என்று பாய் எழுந்து இடம் கொடுத்தார். “அக்கா, நீங்க நம்ம தோட்டத்து ஆளில்லையா?” என்று அந்தக் குடும்பத்துப் பெண் என் முந்தானையைப் பிடித்தாள். இரண்டு பெஞ்சையும் ஒட்டிப் போடச் சொல்லி, நடுவிலிருந்த இடுக்கின்மேல் உட்கார்ந்தேன். யார் எழுந்தாலும் எனக்குக் கீழே ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது.