மாணவர் சலுகையில் அம்மா

அம்மா இறந்து இருபத்தொரு நாள் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். மாமா, அம்மாவின் அண்ணன், நேற்று உரக்கவே சொன்னார்.

"அந்த மாநாட்டுக்கு மட்டும் போகாம இருந்திருந்தா சூப்பர்வைசரா ரிட்டயர் ஆகியிருப்பா. எல்லாம் விதி."

"விதி இல்ல மாமா. அம்மாதான் முடிவு பண்ணாங்க."

அவர் காதில் விழவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் அம்மா இருபது வருடம் நீராவி இயந்திரம் இயக்கினாள். அறுவை அரங்குக்குப் போகும் கத்தி, கத்தரி, துணி எல்லாம் அதற்குள் போய்த்தான் கிருமியற்று வெளியே வரும். துணி மூட்டை நனைந்து வந்தால் உதவாது. ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போய்விடும். பிரித்து, உலர்த்தி, மறுபடி கட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதுவரை மாடியில் ஒருவர் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்.

நாற்பத்தாறு வயதில் அம்மா இதே வேலைக்கான மாலை நேர டிப்ளமாவில் சேர்ந்தாள். "ரிட்டயர் ஆகற வயசுல ஸ்கூல் பையா?" என்று மாமா அப்போதே ஆரம்பித்துவிட்டார். அம்மா பையை மாட்டிக்கொண்டு போனாள்.

படிப்புக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். பதினாலு மாதம், நனைந்து வந்த ஒவ்வொரு மூட்டையும் எந்த அடுக்கில் இருந்தது என்று நோட்டில் குறித்தாள். பெரும்பாலும் கீழடுக்கு. கருவிகள் இருக்கும் எஃகுத் தட்டுகளை எல்லோரும் மேலடுக்கில் வைப்பார்கள். அரங்கிலிருந்து முதலில் கேட்பது அவற்றைத்தான், எடுக்கக் கைக்கு வாகு. எஃகில் பட்ட நீராவி தண்ணீராகிக் கீழே இருந்த துணியில் சொட்டியது. தன் ஷிஃப்டில் மட்டும் சத்தமில்லாமல் மாற்றினாள்: துணி மேலே, எஃகு கீழே. வாரத்துக்கு இருபது மூட்டை நனைந்தது இரண்டானது. மற்ற ஷிஃப்டுக்காரர்களிடம் சொன்னதற்கு, "அக்கா எப்போ டாக்டர் ஆனீங்க?" என்று கேட்டார்கள்.

அந்த வருடம் இந்தத் துறைக்காரர்களின் மாநாடு, ஒரு பகல் ரயில் பயணத் தொலைவில். மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கலாம். கட்டணம் மற்றவர்களுக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு. அம்மாவின் படிப்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் போனால் முழுக் கட்டணம், சுவரிலும் இடம் இல்லை.

சூப்பர்வைசர் பதவிக்கான நேர்காணல் மாநாட்டின் இரண்டாம் நாள் வந்து விழுந்தது. போட்டியில் இருவர். அம்மா ஒருத்தி, ஸ்டோர் கிளார்க் மற்றவர். இயந்திரத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அம்மா நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றாள்.

"ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா சார்?"

"மாநாடெல்லாம் படிக்கிற புள்ளைங்க போற இடம்மா. உனக்கு எதுக்கு?"

"நானும் படிக்கிற புள்ளதான் சார்."

அவர் சிரித்தார். தேதியை மாற்றவில்லை.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. எதையும் பட்டியல் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பிய வயது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு தாளை இரண்டாக மடித்தேன். போனால் நஷ்டம்: கட்டணம், ரயில், அறை, மூன்று நாள் சம்பளம், பதவி, சம்பள உயர்வு, அதனால் கூடும் ஓய்வூதியம். எட்டாவதாக அம்மாவின் முழங்கால். சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு.

"போனா என்ன லாபம், சொல்லும்மா."

"தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும். சரியா தப்பான்னு அவங்க சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எட்டுக்கு ஒண்ணும்மா. போகாத."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "கூட்டல் நல்லாத்தான் போட்டிருக்கே. எட்டும் எனக்கு மட்டும்டி. இந்த ஒண்ணு, மேல படுத்திருக்கறவனுக்கு." தாளை என்னிடமே கொடுத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனாள்.

இனி அவள் சொல்லக் கேட்டது.

பதிவு மேசையில் இருந்த பெண், "மாணவர் சலுகை உங்க பிள்ளைக்காம்மா?" என்று கேட்டாள். "எனக்குத்தான். ஃபெயில் ஆனா திட்டு வாங்கறதும் நான்தானே" என்று அம்மா அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள், பளபளக்கும் வண்ணப் படங்கள். அம்மாவுடையது கையால் வரைந்த இரண்டு அடுக்கு.

நேர்காணல் நடந்துகொண்டிருந்த அதே காலையில், இயந்திர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த நரைத்த பொறியாளர் அதன் முன் வந்து நின்றார். முழுக்கப் படித்தார்.

"இது புதுசு இல்லீங்களே. கையேட்டுலயே இருக்கு. முப்பது வருஷமா."

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. பக்கத்தில் ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எட்டையும் கொடுத்து வாங்கியது இந்த வாக்கியம். படத்தைக் கழற்றிவிடலாமா என்று கை போனதாம். போன கை திரும்பியது.

"முப்பது வருஷமா புத்தகத்துல இருக்குதா? அப்போ எங்க ஆஸ்பத்திரில ஏன் சார் இன்னும் சொட்டுது? அந்தப் புத்தகத்த யார்கிட்ட குடுத்தீங்க? மிஷின ஓட்டறவகிட்ட குடுத்தீங்களா?"

அவர் இயந்திரத்தின் வகையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை கையேட்டின் அந்தப் பக்கத்தின் நகலோடு வந்தார். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் புத்தகம் அனுப்பறோம்மா. ஆபீஸ் பீரோவுல இருக்கும், பாருங்க" என்றார்.

மாமா இதை வைத்துப் பல வருடம் சிரித்தார். "பீரோவுல இருக்கிற புத்தகத்தப் படிக்க ரயில் ஏறிப் போனவ." நானும் ஒருமுறை சேர்ந்து சிரித்தேன்.

நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பதவி கிளார்க்குக்குப் போனது. அம்மா இன்னும் பதினொரு வருடம் நின்றே வேலை செய்தாள். கடைசியில் மாடிப்படி ஏற முடியவில்லை. என் பட்டியலில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அம்மா ஏமாந்தாள் என்று யாரும் இந்த வீட்டில் உட்கார்ந்து சொல்லக் கூடாது. எட்டையும் படித்துவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை அந்த நகலை இயந்திரத்தின் கதவில் ஒட்டினாள். புது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு ஒட்டினே?"

"மிஷின் செஞ்சவங்களைக் கேட்டு சார்."

"கிழிச்சுப் போடு. இங்க எப்பவும் எஃகுதான் மேல."

"நீங்க சூப்பர்வைசர். நீங்களே கிழிங்க சார். கிழிச்சேன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இனிமே நனையற மூட்டை ஒவ்வொண்ணுக்கும் அந்தக் கையெழுத்தக் காட்டறேன்."

நோட்டைத் திறந்து அவர் முன் நீட்டினாள். ஷிஃப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிஃப்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை. "சரி, சரி, வேலையப் பாருங்க" என்று வெளியே போனார்.

அம்மா கதவைத் திறந்து, மேலடுக்கில் துணியை வைத்தாள்.