முத்துக்குமாரு மறைத்த துடக்கு

பருத்தித்துறையில் கிட்டங்கி முத்துக்குமாரு என்றால் அந்த நாளில் தெரியாத ஆள் இல்லை. தோணி நடத்துகிற தண்டையலாக இருந்து காலமான வேலுப்பிள்ளையின் மூத்த மகன். அவனுக்கு இளையவள் ஞானாம்பிகை. அவளைக் கலியாணம் முடித்தவன் இளையதம்பி, அவனும் தோணிக்காரன். தகப்பனும் மச்சானும் கடலோடிகளாக இருந்தும் முத்துக்குமாரு மட்டும் தரையில் நின்றுவிட்டான். சோமசேகரம் முதலாளியின் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிற வேலை. மேலே இருந்து எறிகிற மூட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பிடித்து அகன்று போன கை. அதைக் கண்டுதான் முதலாளி தன் பந்தடிக் கழகத்தில் அவனைக் கோல் காக்க நிறுத்தினார்.

கழகத்தை முதலாளி தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. வாடைக்காற்று மாதங்களில் தோணியெல்லாம் கரையில் ஏறிவிடும். வேலையில்லாத கடலோடிகள் கள்ளுக்கொட்டிலில் கிடந்து அடிபடுவார்கள். அரிசி ஏற்றப் போன இரங்கூனில் வெள்ளைக்காரர் பந்தடித்ததைப் பார்த்து வந்த மனுசன், "பந்தடிக்கிறவனுக்கு வாடையிலும் அரிசி அளப்பன்" என்றார். அப்படித்தான் இருபத்தேழாம் ஆண்டில் துறைமுக வாலிபர் கழகம் வந்தது. வாடைக்குப் பந்து, காற்று மாறினால் தோணி. கழகத்தில் ஆடிய பதினொரு பேரில் பத்துப் பேரும் முதலாளியின் பெரிய தோணியில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். முத்துக்குமாரு ஒருவன்தான் கரையில் நின்று கை காட்டுகிறவன்.

கழகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஆட்டத்துக்குப் போகுமுன் கோல் காக்கிறவன் முழுகிவிட்டு, துறைப் பிள்ளையார் கோயிலுக்குப் பந்தைக் கொண்டுபோக வேணும். தோல் பந்து உள்ளே வரப்படாது என்று ஐயர் ஒரே பிடி. அதனால் பந்தை வாசலில் வாழையிலையில் வைத்துவிட்டு, அவன் மட்டும் உள்ளே போய்த் திருநீறு வாங்கி வந்து பந்துக்குப் பூசி, பத்துப் பேரின் நெற்றியிலும் தன் கையால் பூசிவிடுவான். பூசாமல் ஒருவனும் பஸ் ஏறமாட்டான்.

முப்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம். குருநகர்ப் பொடியளோடு யாழ்ப்பாணம் முற்றவெளியில் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம். விடிய முத்துக்குமாரு கிட்டங்கி வாசலில் தனியே இருந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மயிலிட்டியிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"தம்பி, உங்கடை சித்தப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார். பின்னேரம் பிரேதம் எடுக்கினம். வீட்டிலையும் சொல்லிவிடும்."

தகப்பனின் கூடப்பிறந்த தம்பி. மயிலிட்டியில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டவர். செத்தவீட்டுத் தீட்டு, நேரே வருகிற துடக்கு. காதில் விழுந்த கணமே கோயில் வாசல் அவனுக்கு அடைபட்டுவிட்டது. திருநீறு தொட ஏலாது. அவனை விட்டால் கோல் காக்க வேறு ஆளும் இல்லை.

"ஓம், நான் சொல்லுறன். நீர் போம்" என்றான்.

சைக்கிள் திரும்பிப் போனது. கேட்டால்தானே துடக்கு, கேட்டது எனக்கும் அந்த ஆளுக்கும்தானே தெரியும் என்று நினைத்தான். திரும்பவும் பந்துக்குக் காற்றடித்தான்.

இளையதம்பி வந்தான். "என்ன மச்சான், முகம் வெளிறிக் கிடக்கு? குருநகர்ப் பிலிப்புவை நினைச்சோ?"

"ஓம்."

"பயப்பிடாதை. அவன் அடிச்சால் பந்து வராது, கோல் கம்புதான் புடுங்கிக்கொண்டு வரும். நீ ஒதுங்கி நில்."

எல்லாரும் சிரித்தார்கள். முத்துக்குமாரு முழுகினான், கோயிலுக்குள் போனான். ஐயர் திருநீற்றைக் கையில் போட்டபோது அது நெருப்பாய்ச் சுட்டது போலிருந்தது. வெளியே வந்து பத்து நெற்றியிலும் பூசினான். இளையதம்பியின் நெற்றிக்கு வந்தபோது விரல் வழுக்கியது, கண்ணுக்குள் கொட்டிவிட்டான்.

"என்ரை கண்ணைக் குத்திப்போட்டு ஆரடாப்பா கோல் அடிக்கிறது?" என்று அவன் கண்ணைத் துடைத்தான்.

ஆட்டத்தில் இளையதம்பி ஒரு கோல் போட்டான். முடியப்போகிற நேரத்தில் குருநகருக்குப் பெனால்ட்டி கிடைத்தது. பிலிப்பு பந்தை வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தை வாயில் வைத்து முத்திக்கொண்டு பின்னுக்குப் போனான். கோலுக்குள் நின்றவன் அப்போது என்ன கேட்டான் தெரியுமோ? பிள்ளையாரே, இது உள்ளே போகட்டும், என்ரை தண்டனை இதோடை முடியட்டும் என்று கேட்டான். பிலிப்பு அடித்தான். பந்து நேரே நெஞ்சுக்கு வந்தது. மூட்டை பிடித்துப் பழகிய கை, அவனைக் கேட்கவில்லை. பிடித்துவிட்டது.

சனம் அவனைத் தோளில் தூக்கியது. இங்கே தண்டிக்கவில்லையென்றால் பிள்ளையார் தண்டனையை வேறெங்கோ வைத்திருக்கிறார் என்றுதான் அவனுக்குப் பட்டது.

இருட்டுகிற நேரம் மயிலிட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். பிரேதம் எடுத்தாயிற்று. "காலமையே ஆள் அனுப்பினனாங்கள் தம்பி" என்று சின்னம்மா அழுதாள்.

"ஆள் வந்து சேரேல்லைச் சின்னம்மா. ஆட்டம் முடியத்தான் யாழ்ப்பாணத்திலை காதிலை விழுந்தது."

அந்த நேரம் அங்கில்லாத சைக்கிள்காரனைச் செத்தவீட்டுச் சனம் முழுக்கத் திட்டித் தீர்த்தது. வழியில் கள்ளுக் குடித்திருப்பான் என்றார்கள். முத்துக்குமாரு தலை குனிந்து நின்றான்.

அடுத்த கிழமை பெரிய தோணி இரங்கூனுக்குப் பாய் விரித்தது. பத்துப் பேரும் அதில். துடக்குக்காரன் என்று முத்துக்குமாரு தள்ளி நின்று கை காட்டினான்.

சித்திரையில் கடல் கெட்டது. இரண்டு நாள் பனை முறிய முறிய அடித்த காற்று. பிறகு ஒவ்வொன்றாக மற்றத் தோணிகள் வந்தன, பெரிய தோணி வரவில்லை. நாகபட்டினத்தால் வந்த ஒரு தண்டையல், நடுக்கடலில் முறிந்த பாய்மரம் ஒன்று மிதந்ததைக் கண்டதாகச் சொன்னார். அன்று தொட்டு முத்துக்குமாருவுக்குச் சோறு இறங்கவில்லை. பத்துப் பேரின் பெண்சாதிமாரும் துறையில் வந்து குந்தியிருப்பார்கள். அவர்களின் முகத்தில் விழிக்கப் பயந்து பின் ஒழுங்கையால் கிட்டங்கிக்குப் போவான்.

ஞானாம்பிகை அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் அவள் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "குடி அண்ணை. நீயும் விழுந்தால் எனக்கு ஆர்?"

அவனால் தாங்க முடியவில்லை. சைக்கிள்காரனிலிருந்து திருநீறு வரை எல்லாம் சொல்லிவிட்டான். அடிப்பாள் என்று பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தாள்.

"வேறை ஆருக்குச் சொன்னனீ?"

"ஒருத்தருக்கும் இல்லை. முதலாளியிட்டைச் சொல்லப்போறன்."

"வாயைத் திறந்தியோ, நான் கிணத்துக்குள்ளை குதிப்பன். அதுகள் உயிரோடை வந்து, இதைக் கேட்டுதெண்டால், பிறகு கடலிலை ஒரு சின்னக் காற்றுக்கும் கை கால் விட்டிடும். பயந்தவன் காற்றிலை பாய் இறக்கான் எண்டு எங்கடை அப்பு சொல்லுறவர். நீ பயப்பிடு. உனக்கு அது வேணும். அதுகளைப் பயப்பிடுத்தாதை."

ஆனி மாதம் ஒரு பின்னேரம், மரம் முறிந்து, ஒட்டுப் பாயோடு பெரிய தோணி வந்தது. பத்துப் பேரும் இருந்தார்கள். கரையெல்லாம் அழுகை. எலும்பும் தோலுமாக இறங்கிய இளையதம்பி நேரே மச்சானிடம் வந்தான்.

"மரம் முறிஞ்ச நேரம் எங்கடை தண்டையல் என்ன சொன்னவர் தெரியுமே? முத்துக்குமாரு பூசின நெத்தியடா, போகாது எண்டார். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தனாங்கள். இனிப் பந்துக்கு மட்டுமில்லை மச்சான், தோணி இறங்கேக்கையும் நீதான் பூச வேணும்."

முத்துக்குமாரு தங்கச்சியைப் பார்த்தான். அவள் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, "பூசிவிடு அண்ணை" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருசமும் பூசினான். கழகம் இரண்டு முறை கிண்ணம் எடுத்தது. ஊர் அவனைக் கைராசிக்காரன் என்றது. தோணி போய்த் திரும்பும் வரை அவன் ஒருநாளும் நிமிர்ந்து படுக்கவில்லை. காற்று உறுமினால் எழும்பி வேலிப் படலையடியில் நிற்பான். அடுத்த வளவில் ஞானாம்பிகையும் விளக்கைக் கொளுத்துவாள்.

நாற்பத்திரண்டில் இரங்கூன் யப்பான்காரன் கையில் விழுந்தது. தோணிகளை இழுத்துக் கரையில் ஏற்றினார்கள், இனி ஒன்றும் கடலில் இறங்காது. முதலாளி தலையில் கை வைத்தார். அரிசியும் இல்லை, இனிக் கழகமும் இல்லை, இருக்கிற பந்து கிழியுமட்டும் ஆடுங்கோ என்றார். கடைசியாக ஒரு ஆட்டம் குருநகரோடு வைத்தார்கள். அன்று காலமை முத்துக்குமாரு சீழ்க்கையடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனதைக் கண்ட சனம், மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்றது. பத்து நெற்றியிலும் அள்ளி அப்பினான். ஆட்டத்தில் பிலிப்பு மட்டும் மூன்று கோல் போட்டான்.

"என்ன மச்சான், கையிலை ஓட்டையோ?" என்று இளையதம்பி வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தான்.

முத்துக்குமாரு தங்கச்சி வீட்டுக் குசினிக்குள் போய்ப் பலகையை இழுத்துப்போட்டு இருந்தான். "பிள்ளை, ஒடியல் கூழ் இருக்கே? பசிக்குது" என்றான். ஞானாம்பிகை பானையோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.